பழைய சங்கிலி வாளைச் செப்பனிடுதல்

பொறித்தொழில் பற்றிக் கட்டுரை ஒன்று வரைந்து தருக என்று விழா மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, பாலம், அணைக்கட்டு முதலான பெரும் பொருள்களுள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றைப் பற்றி எழுத வல்லார் நம் பழைய மாணவருள் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் மூப்புடைய, பெற்றோலால் இயங்கும் சங்கிலி வாள் ஒன்றை மீண்டும் இயங்கச் செய்வது எங்ஙனம் என்பதே அது. இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. அத்தகைய வாள் ஒன்றை யாம் எம் கையாலேயே கெடுத்தோம். பல பத்தாண்டுகளாகத் தூசியும் துருவும் கெடுக்க மாட்டாதிருந்த ஓர் இயந்திரம் எம்முடைய அவசரத்தினால் நான்கு நிமிடத்திற் கெட்டது. அது கெட்ட வகையை அறிந்துகொண்டவர் வேறொன்றைக் காப்பாற்றுதல் கூடும்.

தடித்த மரத்தை நீண்ட வாளினால் இருவர் எதிரெதிர் நின்று அரியும் மரக்காலைக் காட்சி மூத்த வாசகர் பலர்க்கு நினைவில் இருக்கும். பற்களைச் சங்கிலியிற் கோத்து, ஒரு நீண்ட பட்டையின் விளிம்பைச் சுற்றி ஓயாது ஒரே திசையில் ஓடவிட்டால் இழுத்துத் தள்ளும் உழைப்பு மிச்சமாகும் அன்றோ? 1926ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் அந்திரேயாஸ் ஷ்டீல் என்பார் மின்னால் இயங்கும் சங்கிலி வாளை அமைத்தார். அதன் நிறை 64 கிலோகிராம். தூக்குவதற்கு இருவர் வேண்டும். காட்டில் மின்சாரம் ஏது? அடுத்த ஆண்டிலே எமில் லேர்ப் என்பார் பெற்றோலால் இயங்கும் வாள் ஒன்றைத் துரிங்கியாப் பகுதியிலுள்ள டொல்மார் என்னும் மலையிற் சோதித்தார். அம்மலையின் பெயரே வாளுக்கும் பெயராயிற்று. 1929இல் ஷ்டீலும் 46 கிலோகிராம் நிறையுள்ள பெற்றோல் வாளைச் செய்தார். ஒருவர் தனியே தாங்கக்கூடிய வாளை அவர் நிறுவனம் வெளியிட்டது 1950ஆம் ஆண்டில். அதுவும் 16 கிலோகிராம் கொண்டது.

வாளின் பல்லைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லாமல் விடுதல் ஆகாது. தொடக்க காலச் சங்கிலிகளின் பற்கள் கைவாளின் பற்களைப் போன்றே மரத்தைக் கீறின, விரைவில் மழுங்கின. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் கொக்ஸ் என்பார், 1946ஆம் ஆண்டில், மரக்கட்டையைக் குடைந்து செல்லும் வண்டுப்புழு ஒன்றை உற்று நோக்கினார். அப்புழு தன் வாயின் இரு தாடைகளையும் இடமும் வலமுமாக மாறி மாறி அசைத்து மரத்தைச் சீவிச் சென்றது. அதனைப் பின்பற்றி இடப்பல்லும் வலப்பல்லும் மாறி வரும் சீவுபற் சங்கிலியை அவர் ஆக்கினார். 1947இல் போட்லண்ட் நகரில் அதனை உற்பத்தி செய்யத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அதன் வழித்தோன்றல்களே.

யாம் இங்கே விளக்கப் புகுவது, 1959ஆம் ஆண்டில் ஷ்டீல் நிறுவனம் வெளியிட்ட ‘கொன்றா’ என்னும் வாளை. அமெரிக்காவில் அது ‘லைட்னிங்’ என்னும் பெயரோடு விற்பனையாயிற்று. அதன் சிலிண்டரின் கொள்ளளவு 106 கன சென்ரிமீற்றர். வலு 6 குதிரைவலு. நிறை ஏறத்தாழ 12 கிலோகிராம். முந்திய வாள்களிற் பற்சில்லுகளாற் குறைக்கப்பட்ட வேகம் இதிலே குறைக்கப்படாமல் எஞ்சினிலிருந்து நேரே சங்கிலிக்குச் செல்கின்றது. காபுறேற்றரும் வேறு வகையினது. மிதவையுடைய பழைய காபுறேற்றர் சாய்ந்தால் வேலை செய்யாது. ஆதலால் வாளைப் பக்கவாட்டில் திருப்பும்பொழுது எஞ்சினை நிமிர்த்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. கொன்றாவில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய மென்றகடு ஒன்று பெற்றோலை அளந்து விடுகின்றது. வாளைக் கவிழ்த்துப் பிடித்தாலும் எஞ்சின் நிற்காது. தென்ஜேர்மனியிலே யாம் தொழில் நிமித்தம் வாழ்ந்து வரும் ஊர்ப்புறங்களில், வைக்கோற் பரணிலோ வண்டிக் கொட்டிலின் மூலையிலோ இவ்வாள் கிடத்தலை இன்றும் காணலாம்.

அங்ஙனம் கிடந்த ஒன்றைத்தான் அயலிலுள்ள கமக்காரர் ஒருவர் எமக்குத் தந்தார். அது அவருடைய தந்தையார் வாங்கியது. அவர் இறந்தபின் எவரும் தொடவில்லை. யாம் தூசி தட்டினோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். காபுறேற்றரைத் திறந்து கழுவினோம். புதிய பெற்றோலும் எண்ணெயும் கலந்து ஊற்றிக் கயிற்றை இழுத்தோம். ஏழாம் இழுப்பில் எஞ்சின் உயிர்த்தது. கமக்காரரும் அருகில் நின்றார். விசையை அழுத்துந்தோறும் ஒலி உயர்ந்து உயர்ந்து, கணீரென்று ஒரே சுருதியில் நின்றது. யாம் அந்த ஒலியில் மயங்கி நின்றோம். “என் தந்தையார் ஓட்டும்போது இப்படிக் கூவியதில்லையே” என்றார் கமக்காரர். புதிய பெற்றோல் அல்லவா, அதனால் நன்றாக ஓடுகின்றது என்று யாம் விடை கூறினோம். ஒரு மரக்குற்றியில் இரண்டு வெட்டு இறக்கியிருப்போம். மூன்றாவது வெட்டின் நடுவில், எவரோ கையாற் பிடித்து நிறுத்தினாற்போல, எஞ்சின் நின்றது. கயிறு அசையவில்லை.

பின்னர்த் திறந்து பார்த்தபோது பிஸ்டனின் ஒரு பக்கம் உருகி இழுபட்டிருந்தது. சிலிண்டரின் சுவரில் அலுமினியம் வரிவரியாக ஒட்டியிருந்தது. அதன் கீழ்ச் சுவரும் ஆழமாகக் கீறப்பட்டிருந்தது. துகள்கள் வளைதண்டின் தாங்கிகளுள்ளும் புகுந்திருந்தன. கமக்காரரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எமக்கு எளிதாயிருந்திருக்கும்.

இதன் காரணத்தை உணர்வதற்கு ஈரடிப்பு எஞ்சின் வேலை செய்யும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். மோட்டார் வண்டியின் எஞ்சினில் எண்ணெய் அடியிலுள்ள தொட்டியிற் கிடந்து உறுப்புகளை நனைக்கின்றது. சங்கிலி வாளில் அத்தகைய தொட்டி இல்லை. பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெயே பிஸ்டனுக்கும் தாங்கிகளுக்கும் கிடைக்கும் எண்ணெய். இந்தக் கலவை நேரே சிலிண்டருக்குட் புகுவதும் இல்லை. பிஸ்டன் மேலே செல்லும்பொழுது அதன் கீழுள்ள வளைதண்டறையில் வெற்றிடம் உண்டாகின்றது. காபுறேற்றரின் வழியாகக் காற்றும் பெற்றோலும் எண்ணெயும் அவ்வறைக்குள் இழுக்கப்படுகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்பொழுது அக்கலவை அமுக்கப்பட்டுப் பக்க வழியால் மேலேறிச் சிலிண்டரை அடைகின்றது. ஆகவே வளைதண்டறை ஒரு பம்பு ஆகும். பம்பு என்றால் அதிலே ஓட்டை இருத்தல் ஆகாது.

அவ்வறையின் இரு பக்கத்தாலும் வளைதண்டு வெளியே வருகின்றது; ஒரு பக்கம் பிளைவீல் எனப்படும் கனத்த சில்லு, மறுபக்கம் கிளச். தண்டு வெளிவரும் இடங்களில் றப்பரால் ஆகிய ஒயில் சீல்கள் இரண்டு உள்ளன. இவை ஓடாமற் கிடந்தால் காய்ந்து கல்லாகும். தண்டைத் தழுவிக்கொண்டிருந்த மெல்லிய உதடு விறைத்து விலகும். கண்ணுக்கு அது தெரியாது. எஞ்சின் ஓடும்பொழுது அவ்விடுக்கின் வழியே காற்று மட்டும் புகும். புகும் காற்று மிகும் அளவுக்குப் பெற்றோலின் விகிதம் குறையும், எரிதலின் வெப்பம் ஏறும், வேகமும் ஏறும். ஓர் ஈரடிப்பு எஞ்சினிற் பெற்றோல் குறைதல் என்பது எண்ணெய் குறைதலுமாம். வெப்பம் கூடிய அந்நேரத்திலேயே எண்ணெயும் குறைகின்றது. அலுமினியப் பிஸ்டன் சிலிண்டரைக் காட்டிலும் விரைவில் விரிந்து சுவரை உராய்ந்து உருகுகின்றது. யாம் வியந்து கேட்ட அந்தக் கணீரென்ற ஒலி, காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த எஞ்சினின் ஒலி. இறந்தவரோடு நாள்தோறும் காட்டுக்குச் சென்று வந்த மகனின் செவி அதனைக் கண்டுகொண்டது. எம் செவி கண்டுகொள்ளவில்லை.

ஆதலாற் பழைய வாளொன்று கைக்கு வந்தால் முதலிற் கயிற்றை இழுத்தல் ஆகாது. இயங்குகிறதா என்று பார்க்கும் ஆவல் எவர்க்கும் எழும்; அதனை அடக்கி, சைலன்சரைக் கழற்றுதல் வேண்டும். அதனைத் தாங்கும் திருகாணிகள் இரண்டோ மூன்றோதான். கழற்றியதும் புகை வெளியேறும் துவாரத்தினூடாகப் பிஸ்டனின் பக்கமும் வளையங்களும் தெரியும். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு சில்லை மெல்லத் திருப்பிப் பார்க்க. பிஸ்டனில் வாள் செய்யப்பட்ட காலத்துக் கடைசற் கோடுகள் குறுக்கே மெல்லியனவாகத் தெரிந்தால் நன்று. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால், முன் ஒருவர் எம்மைப் போல நடந்துகொண்டார் என்று கொள்க. சிலிண்டரின் சுவரில் ஒட்டிய அலுமினியத்தை, அச்சுவர் குரோமியம் பூசியதாயின், காஸ்ரிக் சோடாக் கரைசலைப் பஞ்சிலே தொட்டுப் பூசிக் கரைத்து எடுக்கலாம். அக்கரைசல் குரோமியத்தை விட்டுவிடும். ஆயின் துவாரங்களின் ஓரத்திலே பூச்சில்லாத அலுமினியத்தில் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும். கையுறையும் கண்ணாடியும் இன்றி இதனைச் செய்ய வேண்டா.

பழைய காஸ்கெற்றுகளைச் சுரண்டும்பொழுதும் கவனம் வேண்டும். அக்காலத்துக் காஸ்கெற்றுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. உலர்ந்த நிலையிற் சுரண்டினால் அதன் தூள் மூச்சோடு நுரையீரலைச் சேரும். எண்ணெயால் நனைத்து, ஈரமாகவே சுரண்டி, துணியோடு சுற்றி அகற்றுக.

இனி, கழற்றும் வேலை. திருகாணிகள் உருக்கினாலானவை, உடல் மக்னீசியக் கலப்பு உலோகம். இவ்விரண்டும் ஈரத்தோடு பல்லாண்டு சேர்ந்திருந்தால் மக்னீசியம் வெண்பொடியாக அரிபட்டுத் திருகாணியை இறுகப் பற்றிக்கொள்ளும். வலிந்து திருகினால் ஆணியின் தலை முறியும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் காத்திருந்து, பின் சிறிது சூடுகாட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுப்பதே வழி. மக்னீசியத்தை அராவிய தூளைச் சுடரின் அண்மையில் விடுதல் கூடாது; அது தீப்பற்றினால் நீர் ஊற்றியும் அணையாது, மேலும் மூண்டெழும். கிளச்சைப் பற்றி ஒரு சொல்: பெரும்பாலான வாள்களில் அதன் புரி இடப்புரி. வழக்கம் போல் இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இறுகும். எம் நண்பர் ஒருவர் அரை நாள் இறுக்கினார். பிளைவீலைச் சுத்தியலால் அடித்து எடுத்தலும் பெருந்தவறு, வளைதண்டு கோணும். உரிய இழுகருவி கொண்டு இழுத்தெடுக்க.

பிளைவீலின் உட்புறத்தில் நிலைக்காந்தங்கள் உள்ளன. அவை சுருளைக் கடந்து செல்லும்பொழுது மின் பிறக்கின்றது. இதற்கு மக்னீற்றோ என்று பெயர். சரியான நொடியில் மின்னோட்டத்தை அறுத்துத் தீப்பொறியை எழுப்புவன தொடுமுனைகள் என்னும் சிறு உறுப்புகள். “வாளிற் பொறி இல்லை, சுருள் எரிந்துவிட்டது” என்று கூறி ஒதுக்கப்பட்ட வாள்கள் பலவற்றில் சுருள் எரிந்திருக்காது. தொடுமுனைகளிலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் படிந்திருக்கும், அவ்வளவே. நுண்ணிய உரைதாளினால் மெல்லத் தேய்த்து, பின் மசியில்லாத கடினத் தாளொன்றை இடையே செலுத்தி இழுத்து, எண்ணெய்ப் பசையையும் போக்குக. முனைகள் முற்றும் திறந்த நிலையில் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். அதன்பின்னும் பொறி எழாவிடின் கண்டென்சரையும், இறுதியாகவே சுருளையும் ஐயுறுக.

ஒயில் சீல்களை மாற்றுதல் பெருங்கலையன்று, பொறுமையே வேண்டுவது. பழைய சீலை எடுக்கும்பொழுது தண்டிலும் சீல் அமர்ந்த துளையின் சுவரிலும் கீறல் விழாது பார்த்துக்கொள்ள வேண்டும். சீலின் முகத்தில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்னும் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருத்தல் உண்டு. இல்லாவிடின் அளந்து கொள்ளலாம். அவ்வளவுடைய சீல் தாங்கிகள் விற்கும் கடையிலேயே பெரும்பாலும் கிடைக்கும். பெற்றோலைத் தாங்கக்கூடிய றப்பரா என்று கேட்டு வாங்குக. புதிய சீலின் உதட்டில் சிறிது கிறீஸ் தடவி, அதன் வெளிவிட்டத்துக்கு ஒத்த குழாய்த் துண்டு ஒன்றை மேலே வைத்து, நேராக இறக்க வேண்டும். சாய்வாக இறங்கிய சீலும் இல்லாத சீலும் ஒன்றே.

இதன்பின் செய்ய வேண்டியதே இவ்வேலை முழுவதிலும் முதன்மையானது. பலர் செய்யாது விடுவதும் இதுவே. வளைதண்டறையில் ஓட்டை இல்லை என்பதைச் சோதித்து அறிதல் வேண்டும். புகைத் துவாரத்தை ஒரு றப்பர்த் துண்டு வைத்துச் சைலன்சரால் இறுக்கி அடைக்க. காபுறேற்றர் பொருந்தும் வாயையும் துளையிட்ட தகடொன்றால் அடைத்து, அத்துளையில் ஒரு சிறு குழாயைப் பொருத்துக. பிளக் தன் இடத்தில் இருக்கட்டும். பின் அக்குழாயின் வழியே மெல்லக் காற்றைச் செலுத்துக. இதற்கு யாம் பயன்படுத்துவது வைத்தியர்கள் குருதியமுக்கம் பார்க்கும் கருவியின் றப்பர்க் குமிழும் மானியும். இரச மட்டம் 250 மில்லிமீற்றர் வரை ஏற்றினால் அஃது ஏறத்தாழ வளிமண்டல அமுக்கத்தின் மூன்றில் ஒரு பங்கு. சைக்கிள் பம்பினால் ஓங்கி அடித்தால் புதிய சீலே பிதுங்கிவிடும். ஏற்றிய அமுக்கம் ஒரு நிமிடம் இறங்காது நின்றால் நன்று. இறங்கினால் சவர்க்கார நீரைத் தூரிகையால் ஒவ்வொரு பொருத்திலும் தடவுக. குமிழி எழும் இடமே ஓட்டை. சீல் நன்றாயிருந்தும் சிலிண்டரின் அடிக் காஸ்கெற்றில் குமிழி எழக் கண்டிருக்கிறோம். சீலின் உதடு உள்ளிருந்து தள்ளும் காற்றை நன்கு தடுத்து, வெளியிலிருந்து உறிஞ்சப்படும் காற்றைத் தடுக்காது விடுதலும் உண்டு. ஆகையால் வெற்றிடப் பம்பினால் உறிஞ்சியும் ஒருமுறை சோதித்தல் வேண்டும். சோதிக்கும்பொழுது வளைதண்டைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க. தண்டின் ஒரு நிலையில் நிற்கும் காற்று மற்றொரு நிலையில் ஒழுகும்.

இச்சோதனைக்கு வேண்டிய பொழுது அரை மணிநேரம். யாம் முதல் வாளுக்குக் கொடாத அரை மணிநேரம் அதுவே.

காபுறேற்றரைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. அதன் மென்றகடுகள் நாளடைவில் விறைத்து மடங்கா. விறைத்த மென்றகடு பெற்றோலைக் குறைத்தே விடும். கழுவுதலால் அது குணமாகாது. இவ்வாள்களிற் பயின்ற ரிலற்சன் காபுறேற்றர்களுக்கு வேண்டிய மென்றகடு, ஊசி, காஸ்கெற் ஆகியன இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பெற்றோற் குழாயும் தொட்டியினுள்ளே கிடக்கும் வடியும் உடன் மாற்றப்பட வேண்டும். இக்காலத்துப் பெற்றோலிற் கலக்கப்படும் எதனோல் பழைய றப்பரை இளக்கிக் கெடுக்கும். இவ்வாளுக்குப் பின்வந்த 070 என்னும் வாள் நெடுங்காலம் பல நாடுகளில் விற்பனையானமையால் கொன்றாவுக்கு வேறு சில உறுப்புகளும் அகப்படுகின்றன. அக்காலத்து மற்றைய வாள்களை வைத்திருப்போர் இத்துணை நற்பேறு உடையரல்லர். உடைந்த மற்றொரு வாளிலிருந்தே அவர்கள் உறுப்பெடுக்க வேண்டும்.

எண்ணெயின் அளவு குறித்துக் கருத்து வேற்றுமை உண்டு. அந்நாளைய கையேடுகள் 16 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு, 20க்கு 1, 25க்கு 1 என்று எண்ணெயை மிகுதியாகவே கூறின. அன்றைய எண்ணெயின் தரம் அத்தகையது. இன்றைய ஈரடிப்பு எண்ணெயை 50க்கு 1 என்று கலந்தாற் போதும் என்பர். புதிய வாளுக்கு அது பொருந்தும். பழைய வாளுக்கு யாம் இன்றைய நல்லெண்ணெய் கொண்டு 25க்கு 1 என்றே கலக்கின்றோம். சிறிது புகைக்கும், புகைக்கட்டும். இங்கே நல்லெண்ணெய் என்றது தரத்தால் நல்ல எண்ணெயை, தோசைக்கு வார்ப்பதையன்று.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பின்னர்க் காபுறேற்றரின் ஊசித் திருகுகளைச் சரிசெய்தல் வேண்டும். ஒன்று மெல்லோட்டத்துக்கு, மற்றது கடுவோட்டத்துக்கு. இரண்டையும் மெல்ல அடைத்துப் பின் ஏறத்தாழ ஒரு முழுச் சுற்றுத் திறந்துவைத்துத் தொடங்குக. எஞ்சின் சூடானதும் வெட்டாமலே விசையை முழுதும் அழுத்தினால், கடுவோட்ட ஒலி விக்கலோடு கூடிக் கரகரக்க வேண்டும். பெற்றோல் சற்றே மிகுந்திருத்தலால் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிகின்றது. அதனால் உண்டாவது அவ்விக்கல். மரத்திலே பல்லை ஊன்றியவுடன் விக்கல் நீங்கி ஒலி தெளியும். மரத்திலிருந்து எடுத்தவுடன் மீண்டும் விக்கும். வெறுமனே ஓடும்போதும் தெளிவாகக் கூவுகின்ற எஞ்சினை உடனே நிறுத்திக் கடுவோட்டத் திருகைச் சிறிது திறக்க. திறந்தும் விக்கல் வாராவிடின் எங்கோ காற்றுப் புகுகின்றது. மீண்டும் குமிழையும் மானியையும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

யாம் இரண்டாவதாகப் பெற்ற கொன்றா ஒன்றை இம்முறையிலே செப்பனிட்டோம். முதல் வாளின் இழுகயிற்றுப் பெட்டியும் கைப்பிடியும் தொட்டி மூடியும் இதற்கு உதவின. அதனை அக்கமக்காரரின் முற்றத்துக்குக் கொண்டுசென்று ஓட்டிக் காட்டினோம். ஒலி விக்கி விக்கிக் கரகரத்தது. அவர் தலையசைத்து, “ஆம், இதுதான்” என்றார்.

வர்ணம் பூசுவது பற்றிச் சிலர் எம்மைக் கேட்பதுண்டு. யாம் பூசுவதில்லை. கைபட்டுத் தேய்ந்த இடமும் மரத்தில் உரசிய தழும்பும் இருந்தபடியே இருக்கட்டும் என்பது எம் விருப்பம். மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு பிசின் படிந்த அழுக்கை நீக்குதலோடு நின்றுவிடுகிறோம். புதிது போல் மின்னச் செய்வோரை யாம் குறை கூறவில்லை; அவர்கள் வாளைக் கண்ணாடிப் பேழையில் வைக்கின்றனர்.

சங்கிலியைத் தீட்டுவதற்கு உருண்டை அரம் வேண்டும். பெரிய வாள்களிற் பயிலும் 0.404 அங்குலப் புரியிடைச் சங்கிலிக்கு 5.5 மில்லிமீற்றர் அரம் பொருந்தும். இடப்பற்கள் அனைத்தையும் ஒருசேர, பின் வலப்பற்கள் அனைத்தையும், ஒரே எண்ணிக்கையான தள்ளுகளால் தீட்டுக. ஒரு பக்கம் குறைந்தாற் வெட்டு வளைந்து செல்லும். தூளாக வீழ்ந்தால் பல் மழுங்கியது. சீவலாக வீழ்ந்தால் கூரியது.

செப்பனிட்ட வாளை வேலைக்கு எடுத்துச் செல்லலாமா என்பது இறுதி வினா. எடுத்துச் செல்லலாகாது என்பதே எம் துணிபு. பட்டையின் நுனி எதிர்பாராது மரத்தில் முட்டினால் வாள் கண்ணிமைக்கும் நேரத்திற் பின்னெழுந்து ஓட்டுபவரின் முகத்தை நோக்கி வரும். அந்நொடியிற் சங்கிலியை நிறுத்தும் தடை, ஷ்டீல் வாள்களில் வந்தது 1972ஆம் ஆண்டில். கொன்றாவில் அது கிடையாது. அதிர்வைத் தாங்கும் றப்பர் இணைப்புடைய கைப்பிடிகளை அந்நிறுவனம் 1964இல் அறிமுகப்படுத்தியது. கொன்றாவில் அவையும் இல்லை. அதிர்வு முழுவதும் கையெலும்பிற்கே செல்லும். இவ்வகை வாள்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய வனத்தொழிலாளரின் விரல்கள் குளிரில் வெளிறி உணர்விழந்தன. 1960களிலும் 1970களிலும் பல நாடுகளின் வைத்தியர்கள் இதனை ஆராய்ந்து, வெண்விரல் நோய் என்று பெயரிட்டனர். பற்கடித்து உழைத்த அம்மக்கள் அவ்வதிர்வைத் தொழிலின் ஒரு பகுதியாகவே எண்ணியிருந்தனர். ஆகவே நிற்கும் மரத்தை யாம் இவ்வாளால் தொடுவதில்லை. தாங்குகட்டையின் மேல் அசையாது கட்டிய மரக்குற்றியை மட்டும், பட்டையின் நுனி எதிலும் படாதவாறு, கண்ணுக்கும் காதுக்கும் காப்பணிந்து, ஆண்டிலே சில தடவை அரிகின்றோம். அருகே சிறுவர் எவரையும் நிற்க விடுவதில்லை.

அரிந்து முடிந்ததும் தொட்டியிலுள்ள கலவையை வடித்துவிட்டு, காபுறேற்றரில் எஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும் தறுவாயில், ஒலி சிறிது உயரத் தொடங்கும்போதே விசையைத் தணித்து நிறுத்துகிறோம். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரினுள் எண்ணெய் சில துளிகள் விட்டு, கயிற்றை இருமுறை மெல்ல இழுத்து, பிளக்கை மீண்டும் பொருத்துகிறோம். சீல்கள் காயாதிருக்கும் பொருட்டு இரண்டு திங்களுக்கு ஒருமுறை சில்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி வைக்கின்றோம்.